பழைய பிஎஸ்4, புதிய பிஎஸ்5, இல்லை சந்தாவா? டெல்லியில் ஆக்‌ஷன் அட்வென்சர் ஆட எது கட்டுப்படியாகும்

டெல்லியில் இருக்கும் தமிழ் நண்பர்கள் வட்டத்தில் தீபாவளி போனஸ் வரும் நேரம் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "டிவியில் போட்டு ஆட ஒரு கன்சோல் வாங்கணும், எதை வாங்கலாம்?" பட்ஜெட்டைப் பேசுவதற்கு முன்னால், என்ன மாதிரி கேம் ஆடப் போகிறீர்கள் என்று கேட்பது என் வழக்கம். கால்பந்தும் ஆன்லைன் துப்பாக்கிச் சண்டையும் ஆடுகிறவருக்கு ஒரே கேம் வருஷக்கணக்கில் ஓடும். அவருக்கு வேறு கணக்கு. இந்தக் கட்டுரை அவருக்கானது இல்லை.

ஆக்‌ஷன் அட்வென்சர் பிரியர்களின் நிலைமை தனி. அதில் ஒரு கதை இருக்கிறது, சண்டை இருக்கிறது, ஏறிக் குதிக்க மலைகளும் திறக்க வேண்டிய கதவுகளும் இருக்கின்றன. எல்லாம் ஒரு நாள் முடிந்துவிடும். 2018-இல் வந்த 'காட் ஆஃப் வார்' கதையை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் இருபது மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. 'அன்சார்ட்டட்: த லாஸ்ட் லெகசி' அதில் பாதிகூட இல்லை. 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' ஐம்பது மணி நேரத்தை விழுங்கும், ஆனால் அதுவும் முடியும். முடித்த பிறகு மறுபடி முதலில் இருந்து ஆடுகிறவர்கள் குறைவு. ஆக, இந்த வகைக்கு நாம் கேட்டுக்கொள்ள வேண்டியது, ஒரு கதைக்கு எவ்வளவு செலவாகிறது, கதை முடிந்ததும் கையில் இருப்பதைப் பணமாக்க முடியுமா என்பதுதான். கிராபிக்ஸ், கணக்கிடும் வேகத்தைச் சொல்லும் டெராஃபிளாப் விவகாரமெல்லாம் அதற்கு அப்புறம்.

இப்படிப் பார்த்தால் கன்சோலின் மிக முக்கியமான பாகம் டிஸ்க் செருகும் அந்தச் சின்ன இடுக்குதான் என்பேன். பலருக்கு இது பழங்காலத்துப் பேச்சாகத் தெரியலாம். டெல்லியில் இருப்பவர்களுக்கு அப்படித் தெரியக் கூடாது, ஏனென்றால் கனாட் பிளேஸின் நடுவில், தரைக்கு அடியில் பாலிகா பஜார் இருக்கிறது.

ராஜீவ் சௌக் மெட்ரோவில் இறங்கி மேலே வந்தால் நடக்கும் தூரம். துணிக்கடைகளையும் பெல்ட் விற்பவர்களையும் தாண்டினால், கண்ணாடி அலமாரி நிறைய டிஸ்க் அடுக்கிய கடைகள் வரும். அங்கே பழைய டிஸ்க் வாங்கலாம், நம்முடையதை விற்கலாம். நம் டிஸ்க்கைக் கொடுத்து மேலே கொஞ்சம் பணம் போட்டு வேறு கேம் எடுக்கலாம். கடைக்காரர் முதலில் சொல்லும் விலையை விலையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது டெல்லியில் ஒரு மாதம் இருந்தவருக்கே தெரியும். பேரம் பேச இந்தி வராது என்றால், வரும் நண்பரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அது வேண்டாம் என்றால் இணையத்தில் பழைய பொருள் விற்கும் தளங்களில் ஆள் பிடித்து, ஏதாவது மெட்ரோ நிலையத்தின் வாசலில் சந்தித்துக் கைமாற்றிக்கொள்ளலாம். இடையில் கடைக்காரர் இல்லாததால் இரண்டு பக்கமும் லாபம்.

சரி, ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். சோனி தானே வெளியிடும் பெரிய பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கேம் ஒன்றின் விலை இந்தியாவில் ரூ.4,999. வந்த வாரத்தில் டிஸ்க்காக வாங்கி, ஒரு மாதத்தில் முடித்து, ரூ.3,500-க்கு விற்றதாக வைத்துக்கொள்ளுங்கள். கதைக்குச் செலவு ரூ.1,500. அதே கேமை டிஸ்க் இல்லாமல், இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் டிஜிட்டல் வடிவில் வாங்கினால் ரூ.4,999 போனது போனதுதான், அது உங்கள் கணக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கும். 2024 ஏப்ரலில் பிஎஸ்5 ஸ்லிம் இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் உள்ளது ரூ.54,990, டிஸ்க் இல்லாத டிஜிட்டல் எடிஷன் ரூ.44,990. அந்தப் பத்தாயிரம் ரூபாய் மிச்சம் மூன்றே கேமில் கரைந்துவிடும். நாலாவது கேமிலிருந்து டிஜிட்டல் எடிஷன் வாங்கியவர் நஷ்டத்தில் ஓடுகிறார்.

டிஜிட்டல் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. சோனியின் இணையக் கடையான பிளேஸ்டேஷன் ஸ்டோரில் அடிக்கடி தள்ளுபடி வரும், ஒன்றிரண்டு வருஷம் பழைய கேம்கள் பாதி விலைக்கும் கீழே இறங்கும். வெளிவந்த அன்றே ஆடியாக வேண்டும் என்ற அரிப்பு இல்லாதவருக்கு அது போதும். இரவு பதினொரு மணிக்கு ஆசை வந்தால் சோபாவை விட்டு எழுந்திருக்காமல் வாங்கலாம். டிஸ்க் கீறும் என்ற கவலை கிடையாது. ஆனால் அதற்கு இணையம் வேண்டும். இங்கேதான் டெல்லி வாழ்க்கை குறுக்கே வருகிறது.

இன்றைய பெரிய கேம் ஒன்று 100 ஜிபி-க்குப் பக்கத்தில் வரும். 100 எம்பிபிஎஸ் பிராட்பேண்ட் முழு வேகத்தில் ஓடினால் இரண்டேகால் மணி நேரம். 40 எம்பிபிஎஸ் என்றால் ஐந்தரை மணி நேரம். மயூர் விஹார் அடுக்குமாடியில் பைபர் இணைப்போடு இருப்பவருக்கு இது பெரிய விஷயமே இல்லை. ஓல்ட் ராஜிந்தர் நகரில் யுபிஎஸ்சி-க்குப் படித்துக்கொண்டு, போன் ஹாட்ஸ்பாட்டில் நாளைக்கு 2 ஜிபி வைத்துக் காலம் தள்ளும் தம்பி என்ன செய்வான்? (படிக்கிற பையனுக்குக் கன்சோல் எதற்கு என்று கேட்பவர்கள், பிரிலிம்ஸ் முடிந்த மறுநாள் அவன் அறைக்குப் போய்ப் பாருங்கள்.) டிஸ்க் என்றால் பெரும்பகுதி தகவல் டிஸ்க்கிலிருந்தே ஹார்ட் டிஸ்க்குக்கு ஏறிவிடும். பிழை திருத்த வரும் பேட்ச்சுக்கு மட்டும்தான் இணையம். அதையும் நண்பர் வீட்டுக்குக் கன்சோலைத் தூக்கிக்கொண்டு போய் முடித்துக்கொள்ளலாம். பிஜி அறையில் இருப்பவர்கள் டிஜிட்டல் பக்கம் போகவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

பழைய பிஎஸ்4: இன்னும் உயிர் இருக்கிறதா?

இருக்கிறது. பிஎஸ்4 வந்தது 2013 நவம்பரில். சோனியின் மிகச் சிறந்த ஆக்‌ஷன் அட்வென்சர் வரிசை அந்தப் பெட்டியில்தான் குவிந்தது: 2016-இல் 'அன்சார்ட்டட் 4', 2017-இல் 'ஹொரைசன் ஜீரோ டான்', 2018-இல் 'காட் ஆஃப் வார்', 'ஸ்பைடர்-மேன்', 2020-இல் 'த லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2', 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா'. 2022 நவம்பரில் வந்த 'காட் ஆஃப் வார் ரக்னராக்' வரைக்கும் பிஎஸ்4-இல் ஆடலாம். இதில் எதையும் ஆடாதவர் இன்று ஆரம்பித்தால், வேலைக்குப் போய் வந்து வார இறுதியில் மட்டும் ஆடுகிற வேகத்தில், இரண்டு மூன்று வருஷத்துக்குச் சரக்கு இருக்கிறது. டிஸ்க் விலையும் இறங்கி நின்றுவிட்டது. இதற்கு மேல் இறங்க இடமில்லாததால், வாங்கிய விலைக்கு ஏறக்குறைய அதே விலையில் விற்கவும் முடியும்.

எல்லை எங்கே என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். 'ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்' பிஎஸ்4-க்கு வந்தது, ஆனால் 2023-இல் வந்த அதன் கூடுதல் கதை பிஎஸ்5-இல் மட்டும். 2023 அக்டோபரின் 'ஸ்பைடர்-மேன் 2', 2025 அக்டோபரின் 'கோஸ்ட் ஆஃப் யோட்டே' இரண்டும் பிஎஸ்4 பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. எல்லோரும் காத்திருக்கும் புதிய ஜிடிஏ-வும் பிஎஸ்4-க்கு அறிவிக்கப்படவில்லை. ஆபீசில் பக்கத்து மேஜைக்காரர் புதுசைப் பற்றிப் பேசும்போது வயிறு எரியும் என்றால் பிஎஸ்4 உங்களுக்கு ஆகாது.

வாங்குவதாக முடிவு செய்தால் மூன்று வகை கண்ணில் படும். முதலில் வந்த தடிமனான பெட்டி, 2016-இல் வந்த ஸ்லிம், அதே வருஷம் வந்த ப்ரோ. பின்பக்க ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும். சியூஎச்-க்கு அப்புறம் 10, 11, 12 என்று ஆரம்பித்தால் தடிமன், 20-க்கு மேல் என்றால் ஸ்லிம், 70-க்கு மேல் என்றால் ப்ரோ. சியூஎச்-10 வரிசையைத் தொடாதீர்கள். அதில் டிஸ்க்கை வெளியே தள்ளும் பொத்தான் தொடு உணர்வில் வேலை செய்வது. அடியில் இருக்கும் ரப்பர் கால் காலப்போக்கில் உப்பி அதை அழுத்த, யாரும் தொடாமலே டிஸ்க் வெளியே வரும். என் ஓட்டு ஸ்லிம்முக்கு. 4கே டிவி வைத்திருப்பவர் நல்ல ப்ரோ கிடைத்தால் யோசிக்கலாம்.

அப்புறம் தூசி. ஏப்ரல் முதல் ஜூன் வரை ராஜஸ்தான் பக்கத்திலிருந்து வரும் ஆந்தி என்னும் புயல்காற்றின் புழுதி, டெல்லி வீட்டில் மூடிய அலமாரிக்குள்ளும் புகுந்துவிடும். ஏழெட்டு வருஷம் இந்த ஊரில் ஓடிய பிஎஸ்4 ஒன்றைத் திறந்தால், உள்ளே விசிறி இறக்கை தெரியாத அளவுக்குப் படிந்திருக்கும். விசிறி அடைத்தால் சூடு, சூடானால் இரைச்சல். இதைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு: விற்பவரிடம் 'ஹொரைசன் ஜீரோ டான்' போடச் சொல்லி, மேப்பைத் திறந்து ஐந்து நிமிடம் அப்படியே விடுங்கள். சண்டைக் காட்சியை விட அந்த மேப்தான் பிஎஸ்4-ஐ அதிகமாகக் கதற வைக்கும் என்பது ஆடியவர்களுக்குத் தெரியும். இரைச்சல் வந்தாலே வேண்டாம் என்று ஓட வேண்டியதில்லை. சுத்தம் செய்து, சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றினால் பெரும்பாலும் அடங்கும். ஆனால் அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். பேரத்தில் இதைவிட நல்ல ஆயுதம் கிடைக்காது.

அங்கேயே இன்னும் சில. டிஸ்க் ஒன்றைப் போட்டு எடுத்துப் பாருங்கள். கன்ட்ரோலரின் இரண்டு ஸ்டிக்கையும் விட்டுவிட்டு, திரையில் பாத்திரம் தானாக நகர்கிறதா என்று பாருங்கள். எச்டிஎம்ஐ கேபிளை லேசாக ஆட்டும்போது படம் போய் வந்தால் போர்ட்டில் கோளாறு. கடைசியாக, உங்கள் சொந்த பிஎஸ்என் (பிளேஸ்டேஷனின் ஆன்லைன் சேவை) கணக்கில் உள்ளே போக முடிகிறதா என்று போன் ஹாட்ஸ்பாட்டில் பார்க்க வேண்டும்.

அந்தக் கடைசிச் சோதனை ஏன் என்றால், பழைய சந்தையில் "ஐம்பது கேம் ஏற்றித் தருகிறோம்" என்ற பேச்சு சகஜம். அது இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, ஜெயில்பிரேக் செய்த பெட்டி. பழைய சாஃப்ட்வேரில் நிறுத்தி வைத்து, திருட்டு கேம்களை ஏற்றியிருப்பார்கள். அதை அப்டேட் செய்தால் எல்லாம் போச்சு, செய்யாவிட்டால் ஆன்லைன் போக முடியாது, போனால் கன்சோலையே சோனி முடக்கலாம். இரண்டு, வேறு யாருடைய கணக்கையோ உங்கள் பெட்டியில் போட்டுவிடுவது. கணக்குக்காரர் பாஸ்வேர்டை மாற்றும் நாளில் உங்கள் ஐம்பது கேமும் பூட்டிக்கொள்ளும். ஒரு ரூபாய் கேமே இல்லாத காலிப் பெட்டி இவை இரண்டையும் விட மேல்.

பழைய டிஸ்க் வாங்கும்போதும் ஒரு பொறி. 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2', 'த லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' இரண்டுமே பிஎஸ்4-இல் இரண்டு டிஸ்க்காக வந்தவை. ஒன்று தகவல் ஏற்ற, மற்றொன்று ஆட. உறையைத் திறந்து இரண்டும் இருக்கின்றனவா என்று பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. "கூடுதல் கதைகள் அடக்கம்" என்று அட்டையில் இருந்தாலும், அது பெரும்பாலும் உள்ளே இருக்கும், ஒருமுறை மட்டும் பயன்படும் குறியீட்டு எண் வழியாகத்தான் வரும். முதலில் வாங்கியவர் அதை அப்போதே பயன்படுத்தியிருப்பார்.

பிஎஸ்5-க்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு என்ன வருகிறது?

இரண்டு விஷயம் உண்மையிலேயே கையில் தெரியும். முதலாவது, காத்திருப்பு. பிஎஸ்4-இல் இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க், பிஎஸ்5-இல் சுழலும் பாகம் இல்லாத, வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகம். பிஎஸ்4 'ஸ்பைடர்-மேன்' ஆடியவர்களுக்கு நினைவிருக்கும்: தூரத்து இடத்துக்குத் தாவும்போது, நம் ஆள் முகமூடியோடு சுரங்க ரயிலில் உட்கார்ந்து போகும் காட்சி வரும். ஏதோ டெல்லி மெட்ரோ யெல்லோ லைனில் சீட் கிடைத்த மாதிரி நிம்மதியாக இருப்பார். கேம் பின்னால் லோடு ஆகும் நேரத்தை மறைக்க வைத்த காட்சி அது. பிஎஸ்5-இல் கண் சிமிட்டும் நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். 'காட் ஆஃப் வார்'இல் நாயகன் கிரேடோஸ் பாறை இடுக்குகளில் உடம்பை நுழைத்து மெதுவாக நகர்வதும் பல இடங்களில் இதே தந்திரம்தான். எனக்கு அந்த ரயில் காட்சி பிடிக்கும் என்பது வேறு விஷயம்.

இரண்டாவது, ஒரு நொடிக்கு எத்தனை பிரேம், அதாவது திரையில் எத்தனை படம் மாறுகிறது என்பது. 'காட் ஆஃப் வார்' சாதாரண பிஎஸ்4-இல் 30. 2021 பிப்ரவரியில் வந்த பேட்ச்சுக்குப் பிறகு அதே டிஸ்க் பிஎஸ்5-இல் 60-இல் ஓடுகிறது. 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா'வும் அப்படியே. எதிரி வாளை ஓங்கும்போது சரியான தருணத்தில் தடுக்க வேண்டிய கேமில் இந்த வித்தியாசம் விரலுக்குத் தெரியும். வாளைத் தட்டிவிடத் தவறி நொந்துகொண்டிருந்தவர் பிஎஸ்5-இல் திடீரென்று வீரராவது இதனால்தான். 4கே துல்லியம் இதோடு ஒப்பிட்டால் எனக்கு இரண்டாம்பட்சம். பத்தடி தள்ளி உட்கார்ந்து 43 அங்குல டிவி பார்ப்பவருக்கு அது அவ்வளவாகத் தெரியப் போவதில்லை. பிஎஸ்5-இன் டுயல்சென்ஸ் கன்ட்ரோலரின் அதிர்வும் இறுகும் ட்ரிக்கரும் அருமைதான். அதற்காக மட்டும் யாரும் முப்பதாயிரம் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

பிஎஸ்4 டிஸ்க்குகளில் 99 சதவீதத்துக்கு மேல் பிஎஸ்5-இல் ஓடும். இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. டிஸ்க் உள்ள பிஎஸ்5 வாங்குகிறவர், முதல் ஒரு வருஷம் புதிய கேம் எதையும் வாங்காமல், பாலிகாவில் பிஎஸ்4 டிஸ்க்குகளாகவே வாங்கி, மேம்பட்ட வேகத்தில் ஆடி, விற்றுக்கொண்டே போகலாம். 'ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்' பிஎஸ்4 டிஸ்க் வைத்திருந்தால் பிஎஸ்5 பதிப்பு இலவசமாகவே கிடைக்கும். வேறு சில கேம்களுக்குச் சின்னத் தொகை கட்ட வேண்டும். டிஜிட்டல் எடிஷன்காரருக்கு இந்த வழியே அடைபட்டிருக்கிறது. ஸ்லிம் டிஜிட்டலில் டிஸ்க் டிரைவைப் பிறகு தனியாக வாங்கிப் பொருத்தலாம் என்பது உண்மை. ஆனால் பின்னால் தனியாக வாங்கப் போகிறோம் என்றால் இப்போதே சேர்த்து வாங்குவதுதான் கணக்குக்கு ஒத்துவரும்.

பழைய பிஎஸ்5 வாங்கலாமா? வாங்கலாம், பில் இருந்தால். இந்தியாவில் அது விற்பனைக்கு வந்தது 2021 பிப்ரவரியில், ஆக முதல் பெட்டிகளுக்கே வயது அதிகமில்லை. ஒன்று மட்டும்: முதல் மாடலில் 825 ஜிபி என்று எழுதியிருந்தாலும் கேம்களுக்குக் கிடைப்பது 667 ஜிபி. ஸ்லிம்மில் 1 டிபி. ஒரு கேமை முடித்து அழித்துவிட்டு அடுத்ததற்குப் போகும் நம் ஆட்களுக்கு இது பெரிய பிரச்சினை ஆகாது.

மின்சாரத்தையும் பார்த்துவிடுவோம். பிஎஸ்5 ஒரு பெரிய கேமை ஓட்டும்போது 200 வாட் அளவில் இழுக்கும். தினம் இரண்டு மணி நேரம் என்றால் மாதம் 12 யூனிட். டெல்லியில் 200 யூனிட் வரை பில் பூஜ்யம் என்பதால், 195-இல் நிற்கும் பிரம்மச்சாரிகள் இதைக் கவனிக்க வேண்டும். 200-ஐத் தாண்டினால் பாதிக் கட்டணம் வந்துவிடும். ஏசி ஓடும் மே, ஜூனில் எப்படியும் தாண்டத்தான் போகிறது, அப்போது கன்சோலைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

எக்ஸ்பாக்ஸும் சந்தாவும்

மைக்ரோசாஃப்டின் கன்சோலான எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ் 2020 நவம்பரில் ரூ.34,990-க்கு இந்தியாவில் வந்தது. சின்ன வெள்ளைப் பெட்டி, சத்தமே வராது, டிஸ்க் இடுக்கு கிடையாது. 512 ஜிபி-யில் பயன்படுவது 364 ஜிபி, மூன்று நாலு பெரிய கேமில் நிரம்பிவிடும். இதை வாங்குவதே கேம் பாஸ் சந்தாவுக்காகத்தான். மாதம் ஒரு தொகை கட்டினால் நூற்றுக்கணக்கான கேம்கள், அதிலும் மைக்ரோசாஃப்ட் தானே வெளியிடும் பெரிய கேம்கள் மேல்தட்டுச் சந்தாவில் வெளியான நாளிலேயே. 2024 மே மாதம் 'ஹெல்பிளேட் 2', அந்த டிசம்பரில் 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள்' இரண்டும் அப்படி வந்தவைதான். ஒரே மாதம் சந்தா கட்டி இரண்டையும் முடித்துவிட்டு நிறுத்திக்கொண்டால், ஒரு கதைக்கான செலவில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

நிறுத்திக்கொள்வார்களா என்பதுதான் சந்தேகம். ஆக்‌ஷன் அட்வென்சர் ஆடுகிறவர் ஒரு சமயத்தில் ஒரு கதைக்குள்தான் இருப்பார். அவருக்கு நூறு கேம் திறந்துவைத்து என்ன பயன்? ஆபீசில் மாதக் கடைசி வேலை வந்து மூன்று வாரம் கன்ட்ரோலரைத் தொடாவிட்டாலும் பணம் போய்க்கொண்டிருக்கும். பாதியில் நிற்கும் கேம் பட்டியலை விட்டே போய்விடுவதும் உண்டு. விலையும் நம் கையில் இல்லை. 2025 அக்டோபரில் மேல்தட்டுச் சந்தாவை அமெரிக்காவில் 20 டாலரிலிருந்து 30 டாலராக ஒரே தாவாக ஏற்றினார்கள். இதையெல்லாம் விடப் பெரிய விஷயம், கிரேடோஸும், 'த லாஸ்ட் ஆஃப் அஸ்' ஜோயலும் ஏலியும், 'அன்சார்ட்டட்' நேதன் டிரேக்கும் எக்ஸ்பாக்ஸில் கிடையாது. மறுபக்கம் 'இண்டியானா ஜோன்ஸ்' 2025 ஏப்ரலிலேயே பிஎஸ்5-க்கும் வந்துவிட்டது.

பிளேஸ்டேஷனிலும் பிஎஸ் பிளஸ் என்ற சந்தா உண்டு. தனியாளாகக் கதை ஆட அது தேவையே இல்லை. கடைக்காரர் "இது இல்லாமல் ஓடாது" என்றால் நம்பாதீர்கள், ஆன்லைனில் மற்றவர்களோடு ஆடத்தான் அது வேண்டும். ஒரே ஒரு உபயோகம்: பிஎஸ்5 கேம்களின் சேவ் கோப்பை (எதுவரை ஆடினோம் என்ற பதிவை) பென் டிரைவில் எடுக்க முடியாது, கிளவுடில் வைக்கச் சந்தா வேண்டும். பிஎஸ்4-இல் அந்தத் தொல்லை இல்லை, பென் டிரைவ் போதும்.

நிண்டெண்டோ ஸ்விட்ச் பற்றிச் சுருக்கமாக. 'செல்டா' வரிசையின் 'பிரெத் ஆஃப் த வைல்ட்', 'டியர்ஸ் ஆஃப் த கிங்டம்' இரண்டும் இந்த வகையின் உச்சங்களில் சேர்த்தி. நிண்டெண்டோ பெட்டி இல்லாமல் அவற்றை ஆட வழியில்லை. ஆனால் நிண்டெண்டோ இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்பதில்லை. கடைகளில் இருப்பது எல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கு, வாரண்டி கடைக்காரர் வாய்ச்சொல்தான். கேம் விலையும் லேசில் இறங்காது, ஆகையால் விற்கும்போதும் நல்ல விலை வரும். துபாயிலோ சிங்கப்பூரிலோ சொந்தக்காரர் இருந்து, செல்டா ஆடியே தீர வேண்டும் என்றால் சொல்லி அனுப்புங்கள். மத்திய அரசு வேலையில் ஊர் ஊராக மாற்றலாகும் குடும்பங்களுக்கும் பையில் போட்டுக்கொண்டு போகும் வசதி இதில்தான்.

ஆக யாருக்கு எது? அறையில் தங்கியிருக்கும், இணையம் சரியில்லாத, இதுவரை இந்தக் கேம்களை ஆடாத ஆளுக்கு நல்ல நிலையில் இருக்கும் பிஎஸ்4 ஸ்லிம். பிடிக்காமல் போனால் அதே பாலிகாவில் பெரிய நஷ்டமில்லாமல் கைகழுவலாம். சொந்த வருமானம், நல்ல டிவி, ஐந்து வருஷத்துக்கு வேறு பெட்டி வாங்க மாட்டேன் என்ற உறுதி இருந்தால் டிஸ்க் உள்ள பிஎஸ்5. பண்டிகைக் காலத் தள்ளுபடியில் சில ஆயிரம் குறையும், அதுவரை பொறுக்கலாம். சீரீஸ் எஸ், ஒரு கேமில் ஒரு மணி நேரம் இன்னொன்றில் அரை மணி என்று கொறிக்கிறவர்களுக்கு. வீட்டில் இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு ரசனையோடு இருந்தாலும் அது பொருந்தும். டிஜிட்டல் பிஎஸ்5-ஐ நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், ஒருவரைத் தவிர: தம்பி சென்னையில், அண்ணன் டெல்லியில், இரண்டு பேரும் ஒரே கணக்கின் கேம்களைப் பகிர்ந்து ஆடத் தீர்மானித்த சகோதரர்கள். அந்தச் சேமிப்போடு டிஸ்க் போட்டி போட முடியாது.

முதல் கேமாக எதை வாங்குவது என்றும் கேட்பார்கள். 'அன்சார்ட்டட்: த லாஸ்ட் லெகசி' டிஸ்க்கைத் தேடுங்கள். 2017-இல் வந்தது. கதை மேற்குத் தொடர்ச்சி மலையில், ஹொய்சளர் காலத்து மறைந்த நகரத்தைத் தேடிப் போவது. குளோயி ஃபிரேசர், நாடின் ராஸ் என்று இரண்டு பெண்கள், தேடுவது பிள்ளையாரின் உடைந்த தந்தம். பேலூர், ஹளேபீடு கோயில்களைப் பார்த்தவர்கள் இதில் வரும் கட்டடங்களின் அளவைப் பார்த்துச் சிரிப்பார்கள். எந்த ஹொய்சள மன்னரும் மலை உயரத்துக்குப் பிள்ளையார் செதுக்கவில்லை. பரவாயில்லை, மழை நனைத்த பாறையும் செம்மண்ணும் ஊர் நினைவைக் கிளப்பும் அளவுக்கு நன்றாக வந்திருக்கின்றன. தமிழ் வசனமோ எழுத்தோ கிடையாது, ஆங்கில சப்டைட்டிலை முதலிலேயே போட்டுவிடுங்கள். நீளம் குறைவு என்பதால் இரண்டு மூன்று வார இறுதியில் முடியும். முடியாமல் சலித்துவிட்டால் இந்த வகை உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று அர்த்தம், பெரிய டிஸ்க்குகளில் பணம் போடும் முன்பே தெரிந்துவிடும். வாங்கும்போதே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு எடுத்துக்கொள்வார் என்று கேட்டு, பில்லின் பின்னால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.